தக்காளி விதை சேமிப்பிலும் பரிமாற்றத்திலும் தோன்றும் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் முறை

திருகோணமலையில் வீட்டுத்தோட்டத் தக்காளி பெரும்பாலும் பெரும்போகத்துப் பயிர். ஐப்பசியில் நாற்றுமேடை போட்டால் மாசி, பங்குனியில் பழம் வருகிறது. அந்தப் பழத்திலிருந்து எடுத்த விதை மீண்டும் மண்ணைக் காண்பது அடுத்த ஐப்பசியில்தான். இடையிலுள்ள ஏழெட்டு மாதங்களில் கச்சான் காற்றின் வெப்பத்தையும், கடலோர இரவுகளின் ஈரப்பதத்தையும், மாரியின் முதல் மழையையும் அந்த விதை ஒரு போத்தலுக்குள் இருந்தபடியே கடக்க வேண்டியிருக்கிறது. எனவே நாற்றுமேடையில் ஒரு குறையைக் கண்டால் அன்றைய மண்ணையும் தண்ணீரையும் மட்டும் பார்க்காமல், விதை எடுத்த நாள்வரை பின்னோக்கிச் செல்வதே சரியான வழி என்று நான் கருதுகிறேன். கீழே ஒவ்வோர் அறிகுறியும் அந்த நோக்கிலேயே ஆராயப்படுகிறது.

விதைத்துப் பத்து நாட்களாகியும் ஒன்றும் முளைக்கவில்லை

விதையைக் கொடுத்தவரைக் குறைகூறும் முன், குறை விதையில் உள்ளதா, மேடையில் உள்ளதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதே பொதியிலிருந்து 20 விதைகளை எடுத்து, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் பரப்பி, மூடியுள்ள ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்து, வீட்டுக்குள் நிழலான ஓரிடத்தில் வையுங்கள். தக்காளி 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் முளைத்துவிடும். துணியில் முளைத்து மேடையில் முளைக்காவிட்டால் விதையில் குற்றமில்லை. துணியிலும் முளைக்காவிட்டால் விதை இறந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

மேடையில்தான் குறை என்றால், இந்த மாவட்டத்தில் முதலில் ஐயப்பட வேண்டியது கிணற்று நீரின் உப்பு. உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி எனக் கடலை ஒட்டிய பல தோட்டங்களில் மாரிக்கு முன்னைய வாரங்களில்தான் கிணறு வற்றி உவர்ப்பு ஏறியிருக்கும். நாற்றுமேடை போடும் காலமும் அதுவே. வளர்ந்த தக்காளிச் செடி ஓரளவு உப்பைத் தாங்கும். முளைக்கும் விதையோ அவ்வளவு தாங்காது; முளைப்புப் பிந்தும், அல்லது முளைவேர் வந்தும் மேலெழாமல் நின்றுவிடும். ஒரே போத்தல் விதை தம்பலகாமத்தில் நன்றாக முளைத்து நிலாவெளியில் முளைக்கவில்லை என்றால் இந்தக் காரணத்தையே முதலில் எண்ணுங்கள். நாற்றுக்கு மட்டுமாவது மழைநீரையோ குழாய் நீரையோ பயன்படுத்தினால் குறை நீங்கும். விதையை ஒரு சென்றிமீற்றருக்கு மேல் புதைத்திருப்பது, மண்ணின் மேற்பரப்பு இறுகிப் போவது, எறும்பு விதையைத் தூக்கிச் செல்வது, வெயிலில் சாடியின் மண் 35 பாகைக்கு மேல் சூடேறுவது ஆகியவை மற்றக் காரணங்கள். மேல்மண்ணுடன் தும்புச்சோறு கலந்து, தென்னோலை நிழலின் கீழ் மேடை அமைத்தால் இவற்றுட் பெரும்பாலானவை தீரும்.

விதை இறந்துவிட்டது என்று துணிச் சோதனை காட்டினால், காரணம் பெரும்பாலும் சேமிப்பிலேயே இருக்கும். ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளரின் பெயரால் வழங்கும் நடைமுறை விதியொன்று உண்டு. விதையின் ஈரப்பதன் ஒரு வீதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சேமிப்பிடத்தின் வெப்பநிலை 5 பாகை குறையுந்தோறும் மீண்டும் இரட்டிப்பாகும். இதைத் துல்லியமான சூத்திரமாகக் கொள்ளக் கூடாது. ஆனால் எந்தப் பக்கம் கவனம் செலுத்த வேண்டும் என்பதை அது தெளிவாகவே காட்டுகிறது. ஆடி மாதத்தில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் அலுமாரி, பகலில் 35 பாகையைத் தாண்டும். அதே விதையைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 5 பாகையில் வைத்தால் வேறுபாடு 30 பாகை. இவ்விதியின்படி ஆறு முறை இரட்டிப்பு, அதாவது அறுபத்து நான்கு மடங்கு. கூரையின் கீழிருந்த விதை ஐப்பசிக்கு முன்பே நலிவதும், குளிரில் இருந்தது பல ஆண்டுகள் முளைப்பதும் இதனால்தான்.

ஆனால் குளிரூட்டுவதற்கு முன் உலர்த்தல் முழுமையாக வேண்டும். நன்கு உலர்ந்த தக்காளி விதையில் 6 முதல் 8 வீதம் ஈரமே இருக்கும். அதை வளைத்தால் மடியாமல் முறியும். கடலோர வீடுகளில் காற்றில் மட்டும் காயவைத்த விதை இந்த அளவை எளிதில் எட்டாது, ஏனெனில் இரவில் காற்றிலுள்ள ஈரத்தை விதை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. இதற்கு வறுத்த அரிசி நல்ல மருந்து. அரிசியை வெறும் சட்டியில் நன்றாக வறுத்து, சூடாக இருக்கும்போதே உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் இட்டு இறுக மூடி ஆறவிட வேண்டும். ஆறிய பின், காற்றில் காய்ந்த விதையை மெல்லிய துணியில் முடிந்து அந்தப் போத்தலுக்குள் வைத்து, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்வரை மூடியிருக்க விட வேண்டும். அரிசி விதையைப் போல் இரு மடங்காவது இருக்கட்டும். பின்னர் விதையை வேறொரு சிறிய, காற்றுப் புகாத போத்தலுக்கு மாற்றிக் குளிரில் வையுங்கள். குளிரிலிருந்து எடுத்தவுடன் திறக்கக் கூடாது; போத்தல் அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே இருக்க வேண்டும். இல்லாவிடில் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த விதையில் நீராகப் படியும், அதுவரை செய்த உலர்த்தல் அத்தனையும் வீணாகும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில், ஓட்டுக் கூரையுள்ள அறையின் மிகக் குளிர்ந்த மூலையில், தரையை ஒட்டி, மண்பானைக்குள் போத்தலை வைத்தாலும் ஒரு போகத்துக்குப் போதும். அங்கு உலர்த்தலே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

விதை இறப்பதற்கு இரண்டாவது காரணம், காயவைக்கும் நாளிலேயே அதைக் கொன்றுவிடுவது. பங்குனி வெயிலில் சீமெந்துத் தரை கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதில் பரப்பிய ஈரவிதை பார்வைக்கு அழகாகக் காய்ந்தாலும் உள்ளே முளையம் வெந்திருக்கும். விதை 35 பாகைக்கு மேல் சூடேறாமல், காற்றோட்டமுள்ள நிழலில், பீங்கான் தட்டிலோ நுளம்பு வலையை இழுத்துக் கட்டிய சட்டத்திலோ மெல்லியதாகப் பரப்பிக் காயவிடுங்கள்.

சோதனையில் 20 விதைகளில் 16 முளைத்தால் பொதி தாராளமாகப் பகிரத் தக்கது. பத்து முளைத்தால் இரு மடங்கு விதைத்து ஈடுசெய்யலாம், ஆனால் அந்த எண்ணிக்கையைப் பொதியில் எழுதாமல் பிறருக்குக் கொடுப்பது முறையன்று. அதிலும் குறைந்தால் மிஞ்சிய விதை முழுவதையும் இந்தப் போகத்திலேயே விதைத்து, புதிய விதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னோர் ஆண்டு வைத்தால் அந்த இனத்தையே இழக்க நேரும்.

நொதிக்க வைத்த சாற்றிலேயே முளை தெரிகிறது

தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறையில், பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் தடுக்கும் பொருட்கள் உள்ளன. நொதித்தல் அந்த உறையைக் கரைக்கிறது. எனவே உறை கரைந்த பின்னும் விதையை நீரில் விட்டால், அடுத்து அது செய்யக்கூடியது முளைப்பதுதான். குளிர்நாட்டு வழிகாட்டிகள் மூன்று முதல் ஐந்து நாள் என்று சொல்வது அவர்களுடைய வெப்பநிலைக்கு உரியது. 28, 30 பாகை உள்ள எமது சமையலறையில் ஒரு நாள் முதல் இரண்டு நாள் போதும். மேலே வெண்ணிறப் படலம் தோன்றி, விரலிடையே தேய்க்கும்போது விதையின் வழுக்கல் போய்ச் சொரசொரப்புத் தட்டினால் உடனே கழுவிவிட வேண்டும். சாற்றில் தண்ணீர் சேர்ப்பதும் முளைப்பைத் தூண்டும். பழத்தின் சொந்தச் சாறே போதுமானது. முளை வெளிவந்த விதையைக் காயவைத்துப் பயனில்லை. விருப்பமானால் அன்றே சாடியில் ஊன்றிவிடலாம்.

பழத்தை வெட்டும்போதே உள்ளே முளை தென்பட்டால் அது நெடுநாள் கிடந்து மிகப் பழுத்த பழம். அதிலிருந்து விதை எடுக்க வேண்டாம்.

விதைகள் கட்டியாக ஒட்டிக்கொள்கின்றன, அல்லது தாளிலிருந்து பிரிய மறுக்கின்றன

இது சிறு குறை. விதையின் மேலுள்ள நுண்ணிய மயிர்கள் காயும்போது தாளிலும் ஒன்றோடொன்றும் பற்றிக்கொள்கின்றன. செய்தித்தாளைத் தவிர்த்துத் தட்டில் காயவைத்து, முதல் நாளில் சில மணிக்கு ஒரு முறை விரலால் கிளறிவிட்டால் போதும். ஏற்கெனவே தாளில் ஒட்டிவிட்டால் பிய்க்க வேண்டாம். தாளோடு சேர்த்து வெட்டி ஊன்றுங்கள்.

போத்தலைத் திறக்கும்போது புழுங்கல் மணம் வருகிறது, விதை கறுத்துள்ளது

மணம் வந்தால் ஈரத்தோடு மூடியிருக்கிறீர்கள். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தப் பொதியை எவருக்கும் கொடுக்கக் கூடாது. நிறம் மட்டும் மாறியிருந்தால் அவ்வளவு அச்சம் வேண்டாம்: நொதித்தல் அதிகமான விதை சற்றுக் கருமையாகும், ஆயினும் முளைக்கக்கூடும். துணிச் சோதனை செய்து முடிவெடுங்கள். கழுவும்போது நீரில் மிதப்பவற்றைச் சாய்த்து ஊற்றிவிடும் பழக்கம் இருந்தால், பொக்கு விதைகளில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே போய்விடும்.

முளைத்த நாற்று அடித்தண்டில் சுருங்கிச் சாய்கிறது

இது நாற்றழுகல். மண்ணிலும் அழுக்கு நீரிலும் வாழும் பூஞ்சண வகைகள் நெருக்கமாக விதைத்த, காற்றோட்டமில்லாத, எப்போதும் ஈரமாயிருக்கும் மேடையில் இதைச் செய்கின்றன. விதை கொடுத்தவருக்கும் இதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. கார்த்திகை அடைமழையில் மேடைக்கு மேல் பொலித்தீன் கூரை இட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு, காலையில் மட்டும் நீரூற்றுங்கள்.

வளர்ந்த செடி தாய்ச்செடியைப் போல் இல்லை

விதைப் பரிமாற்றத்தில் மனக்கசப்பைத் தோற்றுவிப்பது இந்தக் குறைதான். கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்று பெற்றவர் எண்ணுகிறார். மண் சரியில்லை என்று கொடுத்தவர் சொல்கிறார். இரண்டும் அநேகமாகப் பிழை. எத்தனை செடிகள் மாறியிருக்கின்றன, எவ்வாறு மாறியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் காரணம் தானாகவே வெளிப்படும்.

செடிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், ஒன்று நெட்டையாய் ஒன்று குட்டையாய், ஒன்றின் பழம் நீண்டும் ஒன்றினது உருண்டும் இருந்தால், தாய்ச்செடி கலப்பின வித்திலிருந்து வந்தது. கலப்பினத்தின் முதல் தலைமுறை ஒரே சீராக இருக்கும். அதன் விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறையில் பாட்டன் பாட்டியின் இயல்புகள் பிரிந்து வெளிப்படும். சந்தையில் வாங்கிய அழகிய பழத்திலிருந்து விதை எடுப்பவர்களுக்கு நேர்வது இதுவே. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின, டி-245 போன்ற இனங்களும், மார்குளோப், ரோமா போன்ற பழைய இனங்களும் கலப்பினங்கள் அல்ல. அவற்றின் விதை தாயைப் போன்ற செடியையே தரும். கடைப் பொதியில் ‘எஃப் 1’ (கலப்பினத்தின் முதல் தலைமுறை) என்று அச்சிடப்பட்டிருந்தால் அதைச் சாப்பாட்டுக்கு வளர்க்கலாம், பரிமாற்றத்துக்கு விதை எடுக்க வேண்டாம்.

இருபது செடிகளில் ஒன்றோ இரண்டோ மட்டும் மாறியிருந்தால் அயல் மகரந்தம் சேர்ந்திருக்கலாம், அல்லது காயவைக்கும் தட்டில் வேறு விதை கலந்திருக்கலாம். எல்லாச் செடிகளும் தமக்குள் ஒத்திருந்து, எதிர்பார்த்த இனத்திலிருந்து மட்டும் வேறுபட்டால், மாறியது பொதியின் பெயர், விதை தூயதே. அந்த இனம் யாருடையது என்று கேட்டறிந்து, பெயரைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம்.

அயல் மகரந்தச் சேர்க்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தக்காளிப் பூவில் மகரந்தக்கூடுகள் ஒன்றோடொன்று இணைந்து குழாயாகி, பெண் உறுப்பான குறியைச் சூழ்ந்திருக்கின்றன. எனவே பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கிறது. ஆனால் வெப்பம் மிகும்போது குறி நீண்டு குழாய்க்கு வெளியே எட்டிப்பார்க்கும். அப்போது பூவை அதிரச்செய்து மகரந்தம் உதிர்க்கும் கருவண்டு, முந்தைய செடியின் மகரந்தத்தை அதில் தடவிச் செல்ல முடியும். திருகோணமலையில் பங்குனிக்குப் பின் விரியும் பூக்களில் இந்த வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே விதைக்கென ஒதுக்கும் பழம் தை மாதத்தில் விரிந்த முதற் குலைகளிலிருந்து வருவது நல்லது. சிறுமணித் தக்காளியிலும், உருளைக்கிழங்கு இலை வடிவமுள்ள இனங்களிலும், பல பூக்கள் ஒட்டிப் பிறந்தாற்போன்ற பெரும் பூவிலும் குறி இயல்பாகவே வெளியே நீண்டிருப்பதுண்டு. அத்தகைய பூவின் காயை விதைக்கு விடாதீர்கள்.

சிறிய வளவில் இனங்களைத் தூரத் தூர நடுவதற்கு இடமிருக்காது. அதற்குத் தேவையுமில்லை. பூ விரியும் முன் ஒரு குலையை நுளம்பு வலைத் துணியில் தைத்த சிறு பையால் மூடி, தினமும் காலையில் காம்பைச் சுண்டிவிட்டு, காய் பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் குலைக்கு நிறநூல் ஒன்றைக் கட்டினால் போதும். ஒரே செடியிலிருந்து எடுக்காமல் நலமான ஐந்தாறு செடிகளிலிருந்து சேர்த்து எடுங்கள். உருளைக்கிழங்கு இலை உள்ள இனங்களை வைத்திருப்போருக்கு இயற்கை ஒரு வசதியையும் தந்திருக்கிறது: அந்த இலை வடிவம் பின்னடைவான இயல்பு, அதாவது சாதாரண இலை இயல்போடு சேர்ந்தால் மறைந்துவிடுவது என்பதால், சாதாரணத் தக்காளியோடு கலந்த விதை நாற்றுமேடையிலேயே சாதாரண இலையுடன் தோன்றி, பிடுங்கிவிடும்படி தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

செடி செழித்துப் பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லை

பகல் 34 பாகையை நெருங்கி, இரவும் 24 பாகைக்குக் கீழே இறங்காதபோது மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்கிறது. கச்சான் காற்றுக் காலத்தில் இங்கு நிகழ்வது அதுவே. விதை கெட்டதாகக் கருத வேண்டாம். ஆனால் அந்த வெப்பத்திலும் ஓரிரு செடிகள் காய்த்தால், அந்தக் காய்களின் விதையைத் தனியே எடுத்து, எந்த மாதத்தில் காய்த்தது என்று குறித்து வையுங்கள். வெப்பத்தில் பூவின் குறி வெளியே நீள்வதைப் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கையால் இவற்றுக்குப் பை கட்டுவது இன்றியமையாதது. இந்த மாவட்டத்துக்கென ஒரு தக்காளி உருவாக வேண்டுமானால் அது இத்தகைய செடிகளிலிருந்தே உருவாகும் என்பதால், பரிமாற்றத்தில் இப்படிப்பட்ட பொதிக்கே நான் கூடிய மதிப்பு அளிக்கிறேன்.

நோய் விதையோடு வந்ததா?

நட்ட செடி பச்சையாக இருக்கும்போதே ஓரிரு நாளில் வாடி விழுந்தால், அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பாருங்கள். வெட்டுமுகத்திலிருந்து பால்போன்ற நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். அது மண்ணில் வாழ்வது. விதையைக் குறைகூறாமல் இடத்தை மாற்றுங்கள், கத்தரியும் மிளகாயும் அங்கு நட வேண்டாம். இலைகள் மஞ்சளாகி மேல்நோக்கிச் சுருண்டு செடி குறுகினால் வெண் ஈ பரப்பும் இலைச்சுருள் வைரசு. நாற்றுமேடையை நுண்வலையால் மூடுவதே அதற்குக் காப்பு.

ஆனால் நாற்றிலேயே இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கலந்த தேமல் தெரிந்தால், விதையை ஐயப்பட நியாயம் உண்டு. தக்காளித் தேமல் வைரசு விதையுறையில் ஒட்டியிருந்து, நாற்றைப் பிடுங்கி நடும் கையின் வழியே பரவுகிறது; நொதித்தல் அதை முழுமையாக நீக்காது. இலைப்புள்ளியையும் தண்டுப் புண்ணையும் தோற்றுவிக்கும் சில பற்றீரியாக்களும் விதையில் பயணம் செய்பவை. தேமல் கண்ட செடியை அழித்துவிட வேண்டும், அதன் விதையை வைத்திருக்கக் கூடாது. பற்றீரியா ஐயம் மட்டும் இருந்தால் வெந்நீர் முறை உதவும்: விதையைத் துணியில் முடிந்து 38 பாகை நீரில் பத்து நிமிடம் வைத்து, பின்னர் 50 பாகை நீரில் 25 நிமிடம் வைத்து, உடனே தண்ணீரில் குளிர்வித்து மீண்டும் நிழலில் காயவைக்க வேண்டும். வெப்பமானி இல்லாமல் கைப்பதத்தில் இதைச் செய்யக் கூடாது. ஓரிரு பாகை கூடினால் விதை சாகும், குறைந்தால் கிருமி பிழைக்கும். பழைய விதை இந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் புதிய விதையில் மட்டும் செய்யுங்கள்.

கைமாறி வந்த பொதியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை

பெயரில்லாத பொதியில் மேலே கூறிய எந்தச் சோதனையையும் முழுமையாகச் செய்ய முடியாது, ஏனெனில் எதனோடு ஒப்பிடுவது என்பது தெரியாது. கொடுக்கும்போதே இனத்தின் பெயர், விதை எடுத்த மாதமும் ஆண்டும், வளர்ந்த ஊர், பை கட்டி எடுத்ததா இல்லையா, துணிச் சோதனையில் 20க்கு எத்தனை என்பவற்றைப் பென்சிலால் எழுதிப் பொதிக்கு உள்ளே இடுங்கள். மை ஈரத்தில் கரையும், வெளியே ஒட்டிய சீட்டு உதிரும். பெயர் தெரியாவிட்டால் புனைந்து எழுதாமல், ‘மூதூரில் பெற்ற உருண்டைச் சிவப்பு’ என்று கண்டதை எழுதுங்கள். பொதி ஒன்றில் முப்பது நாற்பது விதைகளே போதும். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதைகள் இருப்பதால் ஒரு தேக்கரண்டி விதை பல வீடுகளுக்கு வரும்.

கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவினர் அன்போடு கடிதவுறையில் அனுப்பும் விதையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நாட்டுக்குள் விதை கொண்டுவருவது கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அனுமதியின்றி வந்த பொதியைப் பரிமாற்றத்துக்கு விடாதீர்கள். 2014 இல் இஸ்ரேலில் முதன்முதல் காணப்பட்டு, விதை வழியாகவே பல நாடுகளுக்குச் சென்ற தக்காளிப் பழச் சுருக்க வைரசு, இந்தக் கட்டுப்பாடு எதற்காக என்பதைக் காட்டுகிறது. அதோடு, குளிர்நாட்டுக் கோடைக்கெனத் தெரிந்தெடுத்த இனங்களிற் பல இங்குள்ள இரவு வெப்பத்தில் காய் பிடிப்பதில்லை. அனுப்ப விரும்பும் உறவினரிடம், அனுமதி பெறுவது பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் முதலில் கேட்டுச் சொல்வதாகக் கூறுங்கள்.

உள்ளூரிலேயே பெற்ற, ஆனால் வரலாறு தெரியாத விதையை மற்றச் செடிகளிலிருந்து விலக்கித் தனிச் சாடியில் வளருங்கள். அந்தச் செடியைத் தொட்ட பின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டே மற்றச் செடிகளிடம் செல்லுங்கள். ஒரு போகம் முழுவதும் இலை, தண்டு, பழம் மூன்றும் நலமாக இருந்து, பழம் சொல்லப்பட்ட இனத்தோடு ஒத்திருந்தால், அதன் விதையை உங்கள் ஊரின் பெயரும் அந்த ஆண்டும் எழுதிப் பகிரலாம்.